குறுக்குக் கோடு போட்ட ஏழு

லேக் மார்க்கெட்டில் நாங்கள் மளிகை வாங்கும் கடைக்குப் பக்கத்தில் எடுத்த ஒரு ஜெராக்ஸ் நகல் என்னிடம் இருக்கிறது. ஏழு வருடங்களுக்கு முன்பு அக்கா நிரப்பிய கல்விக் கடன் விண்ணப்பம். பெயர், முகவரி, மதிப்பெண்கள் எல்லாம் அவளுடைய சாய்ந்த கையெழுத்து. மூன்றாம் பக்கத்தில் ஒரே ஒரு கட்டத்தில் மட்டும் வேறு கை தெரியும். 'படிப்பு முடிந்தபின் எதிர்பார்க்கும் மாத வருமானம்' என்பதற்கு எதிரே 47,000 என்று இருக்கிறது. அந்த ஏழின் நடுவில் சின்னதாக ஒரு குறுக்குக் கோடு. ஒன்றும் ஏழும் குழம்பக் கூடாதென்று இன்ஜினியரிங் டிராயிங் வகுப்பில் முதல் வருடமே பழக்கிவிட்டார்கள். எங்கள் வீட்டில் ஏழுக்குக் கோடு போடுகிறவள் நான் ஒருத்திதான்.

அப்போது நான் ஜாதவ்பூரில், அரசுப் பல்கலைக்கழகத்தில் இன்ஜினியரிங் கடைசி வருடம். என்னைவிட மூன்று வயது பெரியவளான அக்காவுக்கு டெல்லிப் பக்கம் ஒரு தனியார் பல்கலைக்கழகத்தில் எழுத்துக் கலை முதுகலைப் படிப்பில் இடம் கிடைத்திருந்தது. என் நான்கு வருடக் கட்டணம் முழுவதையும் கூட்டினால் அவளுடைய ஒரு மாத விடுதிச் செலவுக்குக் காணாது. அப்பா வங்கி அதிகாரி. முப்பது வருடமாகப் பிறருடைய கடன் விண்ணப்பங்களைப் படித்தவர். லேக் கார்டன்ஸ் வீட்டுச் சாப்பாட்டு மேஜையில் அந்தப் படிவத்தை வைத்துக்கொண்டு, வங்கியில் எதிரே உட்கார்ந்திருப்பவரிடம் பேசுவது போலவே அக்காவிடம் பேசினார்.

"வெளியாள் யாராவது இதக் கொண்டுவந்தா என்ன பண்ணுவேன் தெரியுமோ? காலிக் கட்டத்தோட வாங்கவே மாட்டேன்."

"எழுதறவாளுக்கு மாசம் இவ்வளவுன்னு எந்த போர்டுலப்பா எழுதி வெச்சிருக்கு?"

"அதத்தான் நானும் கேக்கறேன்."

"தோசை ஆறறது," என்றாள் அம்மா. "சாப்ட்டுட்டு ரெண்டு பேரும் கடன் வாங்கிக்கோங்கோ."

அந்தக் கட்டம் மூன்று நாள் காலியாகவே இருந்தது. அக்கா பேனாவை எடுப்பாள், வைப்பாள். பொய்யாக ஓர் எண் எழுத அவளுக்கு வரவில்லை. உண்மையான எண் அவளுக்குத் தெரியவில்லை. நான் ஒரு தாளை இரண்டாகப் பிரித்துப் பட்டியல் போட்டேன். இடப்பக்கம் செலவுகள், வரிசை எண்ணோடு பதினொன்று. வலப்பக்கம் வரவு, அதில் எழுத எனக்குத் தெரிந்த சம்பளம் ஒன்றே ஒன்றுதான். கல்லூரி வளாகத் தேர்வில் எனக்குக் கிடைத்திருந்த வேலையின் சம்பளம். மூன்றாம் நாள் மாலை, அக்கா குளிக்கப் போயிருந்தபோது, அதைத் தூக்கி அவளுடைய கட்டத்தில் எழுதினேன். அவள்மேல் இருந்த பிரியம் என்று இப்போது சொல்லிக்கொள்ளலாம். ஆனால் ஒரு கட்டம் காலியாக இருப்பதைப் பார்த்துக்கொண்டிருக்க என்னால் முடியாது என்பதும் உண்மை.

மறுநாள் காலை அப்பா மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு அந்த ஏழின் குறுக்குக் கோட்டைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். முப்பது வருடம் பிறர் எழுதிய எண்களைக் கேள்வி கேட்டவர் அன்று ஒன்றும் கேட்காமல் உத்தரவாதம் தருபவராகக் கையெழுத்துப் போட்டார். அக்கா படிவத்தை வாங்கிப் புரட்டிப் பார்த்துவிட்டு உறையில் வைத்தாள்.

படித்த இரண்டு வருடமும் ஞாயிற்றுக்கிழமைகளில் ஃபோன் செய்வாள். அப்படி விடாமல் பேசி, நடுநடுவே தானே சிரித்துக்கொள்ளும் அக்காவை அதற்கு முன்பு நான் கேட்டதில்லை. ஒரு கதை ஆங்கிலப் பத்திரிகையில் வந்தது; சன்மானமாக இரண்டு பிரதிகள் அனுப்பினார்கள். கடன் அதன்பாட்டுக்கு வட்டியோடு வளர்ந்துகொண்டிருந்தது. திரும்பி வந்து, இணையதளங்களுக்கு எழுதிக் கொடுக்கும் ஒரு கம்பெனியில் சேர்ந்தாள். மெத்தை, பல் மருத்துவம், கூந்தல் தைலம். இப்போது சம்பளம் இருபத்தெட்டாயிரம், தவணை பதினெட்டாயிரத்து நானூறு. தவணையில் ஆறாயிரம் நான் போடுகிறேன். பெங்களூரில் எனக்கு நல்ல வேலை ஒன்று வந்தது. அங்கே வாடகை கொடுத்தால் இந்த ஆறாயிரம் இடிக்கும் என்று நான் போட்ட பட்டியல் சொன்னது. போகவில்லை. அக்கா கதை எழுதி இரண்டு வருடமாகிறது. "மெத்தையப் பத்தி எரநூறு விதமா எழுதியாச்சுடி. படுத்தா தூக்கந்தான் வரல்லே," என்பாள்.

போன வாரம் தவணையைக் குறைக்கச் சொல்லி வங்கிக்கு விண்ணப்பித்தோம். மாதத் தொகை குறையும். வருடங்கள் ஒன்பதாக நீளும். அப்பா இப்போது ஓய்வூதியக்காரர் என்பதால் சம்பாதிக்கிற ஒருவர் உத்தரவாதம் தர வேண்டும். அதாவது நான். காரணம் விளக்கி ஒரு கடிதமும் கேட்டார்கள். அதே மேஜையில் உட்கார்ந்து இருபது நிமிடத்தில் அக்கா கையாலேயே எழுதிவிட்டாள். கெஞ்சல் இல்லை, ஒரு சொல் அதிகமில்லை. எண்ணிப் பார்த்தேன்: இருநூற்றுப் பன்னிரண்டு சொற்கள். சொல்லுக்கு நாற்பது காசு என்ற அவள் கம்பெனிக் கணக்கில் எண்பத்து நாலு ரூபாய் எண்பது காசு. நடுவில் இப்படி ஒரு வரி: 'விண்ணப்பத்தில் 47,000 ரூபாய் எதிர்பார்ப்பதாக எழுதியிருந்தேன். அது என்னுடைய கணிப்பு, தவறாகிவிட்டது.'

"இது நீ எழுதின நம்பர் இல்லேக்கா," என்றேன்.

"தூர்," என்று வங்காளியில் அலுத்துக்கொண்டாள். "அடியில கையெழுத்து என்னோடதுதானே? என் தங்கைக்குக் காலிக் கட்டத்தப் பாத்தா கை அரிக்கும்னு பேங்குக்கு எழுதட்டுமா?"

எனக்குச் சிரிப்பு வரவில்லை. "கோபமா?"

"அந்த நம்பர் இல்லேன்னா நான் போயிருக்கவே மாட்டேன்." பேனாவை என் பக்கம் நகர்த்தினாள். "போகாம இருந்திருந்தா இந்த லெட்டருக்கே அவசியமில்லே. அதையும் யோசிக்கறேன். கையெழுத்தப் போடு, பேங்க் மூடிடப் போறான்."

கையெழுத்துப் போடக் குனிந்தபோதுதான் கவனித்தேன். கடிதத்தின் அடியில் அவள் கைப்பேசி எண்ணில் இரண்டு ஏழுகள் இருந்தன, இரண்டிலும் கோடில்லை. 47,000-ல் இருந்த ஏழுக்கு மட்டும் நடுவில் சின்னதாக ஒரு குறுக்குக் கோடு. பழைய நகலை எடுத்துப் பக்கத்தில் வைத்தேன். இரண்டில் எது என் கை என்று கண்டுபிடிக்க எனக்கே சிரமமாக இருந்தது. வங்கிப் படிவத்தில் உத்தரவாதம் தருபவர் என்ற இடத்தில் என் பெயரை எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.