கிரகணத்துக்கு முந்திய ஸ்கேன்

குருவிட்டப் பக்கம் ஒரு இறப்பர் தோட்டத்தில் பால் வெட்டுகிற பிரேமலதா, ஒரு சொல்லுக்கு ஒன்பது சொல் பேசுகிறவள் இல்லை. அவள் வாயைத் திறக்க வைத்தவள் மாமியார் தங்கம்மா.

பதின்மூன்றாம் வாரத்து ஸ்கேனில் பிள்ளையின் இடது கை முழங்கையோடு நின்றிருந்தது. டாக்டர் சிங்களத்தில் நிதானமாக விளக்கினார். அதற்குக் கீழே எலும்பே உருவாகவில்லை. மிக அரிதாக இப்படி நடக்கும். தாய் ஏதோ செய்ததால் வந்ததல்ல. இதயத்தையும் மற்ற உறுப்புகளையும் இருபதாம் வாரத்தில் மறுபடி பார்க்க வேண்டும். பிரேமலதா இதை ஒரு மாதத்துக்கு மேல் நெஞ்சுக்குள்ளேயே பூட்டி வைத்திருந்தாள். பிறகு புருஷன் கஜேந்திரனிடம் சொன்னாள். அவன் விடிந்ததும் அம்மாவிடம் சொன்னான்.

தங்கம்மா தோட்டத்து வரிசை வீடுகளான லயத்து வாசலில் நின்று, பத்துக் காம்பிரா வீட்டுக்கும் கேட்கிற மாதிரி ஆரம்பித்தாள்.

“கிரகணத்தன்னைக்கு வெளிய குந்திக்கிட்டு பால்கத்தி தீட்டுனாளே, இந்தக் கண்ணால பார்த்தேன். மாசமா இருக்கவ கத்தியத் தொடலாமா? வயித்துக்குள்ளயே புள்ள கைய அறுத்துப்புட்டா.”

பக்கத்துக் காம்பிரா மூக்கையா பல் விளக்குவதை நிறுத்திவிட்டு, “எங்க சின்னாத்தா அப்படித்தான் பூசணிக்கா வெட்டி, புள்ளைக்கு ஒதடு பொளந்துருச்சு” என்று தன் பங்கையும் போட்டார்.

அதுவரை பிரேமலதாவோடு பால் வெட்ட மலைக்குப் போன பெண்கள் மறுநாள் வேறு பாதையில் போனார்கள்.

மூன்றாம் நாள் தங்கம்மா தீர்ப்பும் சொன்னாள். “டவுன்ல ஒருத்தி இருக்கா, சுத்தம் பண்ணி விட்ருவா. நாளைக்கே கூட்டிட்டுப் போடா.”

கஜேந்திரன் த்ரீவீல் ஆட்டோவுக்குச் சொல்லிவிட்டு வந்தான். பிரேமலதா கிளினிக் கொப்பிக்குள்ளிருந்து ஸ்கேன் ரிப்போட்டை எடுத்து அவன் முன்னால் போட்டாள்.

“தேதியப் படிங்க.”

“பெப்ரவரி பதினெட்டு.”

“கிரகணம் என்னைக்கு?”

அவன் காலண்டர் முன்னால் போய் நின்றான். தாளைப் புரட்டித் தேடினான். “மார்ச் மூணு.”

“நான் கத்தி தீட்டுறதுக்கு ரெண்டு கிழமைக்கு முன்னாடியே கை இல்ல. இத ஒங்கம்மாவ வாசல்ல நின்னு சொல்லச் சொல்லுங்க. அன்னைக்குப் போட்ட அதே சத்தத்துல.”

அவன் ரிப்போட்டை மடித்துக் கொப்பிக்குள் வைத்தான். தங்கம்மாதான் உள்ளேயிருந்து வந்தாள்.

“அப்ப ஒங்க வம்சத்துக் கோளாறு. ஒத்தக் கைய வச்சுக்கிட்டு அது எப்படி பால் வெட்டும்?”

“எம்புள்ள எதுக்கு மாமி பால் வெட்டணும்?”

தங்கம்மா காறித் துப்பிவிட்டு உள்ளே போனாள். மறுநாள் வந்த த்ரீவீல் மூன்று முறை ஹோன் அடித்துவிட்டுக் காலியாகத் திரும்பியது.

இரண்டு வாரம் கழித்து ஒரு வியாழக்கிழமை பிரேமலதா தனியாக பஸ் ஏறினாள். இருபதாம் வார ஸ்கேனில் இதயம் நன்றாக இருந்தது. வலது கையின் ஐந்து விரல்களையும் டாக்டர் ஒவ்வொன்றாகத் திரையில் காட்டினார். பிறந்த பிறகு செயற்கைக் கை பொருத்தும் இடத்துக்குக் கடிதம் தருவதாகவும் சொன்னார்.

அவள் திரும்பி வந்தபோது அவளுடைய சட்டி பானையும் அரிசி வாளியும் வாசலில் கிடந்தன. மாமியார் உலையைப் பிரித்துவிட்டாள்; இனி இவள் சமையல் தனி. மூன்று கல்லை உருட்டி வந்து போட்டு, இறப்பர் விறகைப் பற்றவைத்தாள். கஜேந்திரன் உள்ளேயும் போகாமல் வெளியேயும் வராமல் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

“என்னங்க, ஒங்களுக்கும் சேத்துப் போடணுமா? இப்பவே சொல்லுங்க, அரிசி கழுவணும்.”