மூன்றாவது முடிச்சு

"சாப்ட்வேர்லயே எத்தினியோ எபெக்ட் கீது. அத்த வுட்டுட்டு நீ இன்னாம்மா புதுசா செஞ்சு கிழிக்கப் போற?" என்றார் ஒரகடம் ஸ்டுடியோ முதலாளி.

அங்கே கல்யாண வீடியோக்களை எடிட் செய்வது என் வேலை. காட்சி மாறும்போதெல்லாம் சாப்ட்வேர் சுழலவிடும் இதயப் படம் எனக்குப் பிடிக்கவில்லை. அப்பா கம்பெனியில் கூட்டும் வேலைக்குப் போடும் நீலச் சட்டையைச் சுவரில் மாட்டி, அதன் முன் மஞ்சள் அரிசியைத் தூவிப் படம்பிடித்தேன். கம்ப்யூட்டரில் நீலத்தை நீக்கியதும் அரிசி மட்டும் மிஞ்சியது. அட்சதை திரை நிறையக் கொட்டி விலகினால் அடுத்த காட்சி. எங்கள் வீட்டில் முதலில் பள்ளிக்கூடம் போனவள் நான். சாப்ட்வேரின் கையேட்டைப் படித்து நானே செய்தேன்.

"பார்ட்டி ஒரு குறை சொன்னா அழிச்சிடணும்" என்ற நிபந்தனையோடு முதலாளி ஒப்புக்கொண்டார்.

அரிசி போட்ட முதல் கல்யாண வீடியோவைப் பார்க்க மாப்பிள்ளையின் அக்கா வந்தார். தாலி கட்டும் காட்சி. அரிசி கொட்டியது. விலகியபோது மணமக்கள் அக்னியை வலம் வந்துகொண்டிருந்தார்கள்.

"நிறுத்தும்மா. என் கை எங்க?"

வீடியோவை நிறுத்தினேன்.

"மூணாவது முடிச்சு நாத்தனார் நான் போட்டேன். மண்டபமே பாத்துச்சு. இதுல அரிசிதான் கொட்டுது."

காட்சியை முடிச்சோடு வெட்டியிருந்தேன். அதன் கடைசி இரண்டு விநாடிகள்மேல் அரிசி விழும் என்பதை மறந்திருந்தேன்.

"நான் அப்பவே சொன்னேன்" என்றார் முதலாளி. "பன்னெண்டுக்குக் கரண்டு பூடும். இதயத்தப் போடு, சீக்கிரம் முடியும்."

மணி பதினொன்றரை. இதயம் போட்டால் கம்ப்யூட்டர் ஐந்து நிமிடத்தில் வீடியோவை முடித்துவிடும். அரிசிக்கு அரை மணி நேரம்.

"அரிசியே போடறேன் சார்."

வெட்டிய பகுதியை நீட்டினேன். அவர் கை முடிச்சிட்டு விலகிய பிறகே முதல் அரிசிமணி விழும்படி வைத்து, எல்லாவற்றையும் ஒரே வீடியோவாக்கும் ரெண்டரைக் கொடுத்தேன். திரையில் பச்சைக் கோடு நகர்ந்தது. அக்கா நாற்காலியை என் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டார். கோடு தொண்ணூறு சதவீதத்தைத் தாண்டியபோது மின்விசிறி நின்றது. யுபிஎஸ் கத்தத் தொடங்கியது. அது ஐந்து நிமிடம்கூடத் தாங்காது. முதலாளி கையைக் கட்டிக்கொண்டு நின்றார். தொண்ணூற்றேழு. தொண்ணூற்றெட்டு.

முடிந்தது.

அந்த இடத்தை மட்டும் ஓட்டினேன். சிவப்புக் கண்ணாடி வளையல் போட்ட கை முடிச்சிட்டு விலகியது. பிறகு அரிசி.

"இன்னொரு வாட்டி காட்டு" என்றார் அக்கா. பார்த்துவிட்டு, "அரிசி இருக்கட்டும் சார்" என்று முதலாளியிடம் சொன்னார். யுபிஎஸ் அடங்கியது.

முதலாளி அரிசியை அழிக்கச் சொல்லவில்லை.

அன்று சாயங்காலமே, இனிச் சுவரில் மாட்டுவதற்கென்று படப்பைக் கடையில் இரண்டு மீட்டர் நீலத் துணி வாங்கி, அப்பாவின் சட்டையைத் துவைத்துத் திருப்பிக் கொடுத்துவிட்டேன்.