கடையில் விட்டுவந்த கையெழுத்து

மலை ஊராட்சித் தலைவி சுபலட்சுமிக்கு அரசாங்கம் கொடுத்த கையெழுத்து, பென்டிரைவ் மாதிரி விரல் நீளத்தில் ஒரு சாவி. அதைக் கம்ப்யூட்டரில் செருகி ரகசிய எண்ணைத் தட்டினால் அவளே கையெழுத்துப் போட்டதாக அர்த்தம். ஆனால் அவள் ஊரில் சிக்னல் கிடைத்தால் அதிசயம். ஒவ்வொரு தடவையும் பஸ் பிடித்துக் கரியாலூர் போய்வந்தால் அன்றைய காட்டுவேலை கெட்டது. எனவே அக்கம்பக்கத்துத் தலைவர்கள் செய்ததையே அவளும் செய்தாள். கரியாலூரில் ஷாலினி நடத்தும் கம்ப்யூட்டர் கடையில் சாவியை விட்டுவைத்தாள். ரகசிய எண்ணையும் அதன்மேலேயே ஒட்டிக் கொடுத்தாள். என்ன புத்திசாலித்தனம் பாருங்கள்! அந்தக் கடையின் பிஸ்கட் டப்பாவுக்குள் அப்படிப் பல தலைவர்கள் படுத்துக் கிடந்தார்கள்.

புருஷன் போனபிறகு அவளுக்கு மனுஷர் என்று இருந்தது இரண்டே பேர். ஒருவன் அண்ணன் கரியன். இன்னொருத்தி, கடைக்குப் போகும்போதெல்லாம் "சாப்டியாக்கா?" என்று கேட்கிற ஷாலினி.

ஊருக்கு வரவேண்டிய தண்ணீர்த் தொட்டி, அருவிக்குப் போகிற வழியில் ஒரு லாட்ஜ் பக்கத்தில் எழும்பியது. இடத்தை மாற்றத் தலைவியே ஒப்புதல் தந்திருப்பதாக ஆன்லைனில் இருந்தது. சுபலட்சுமி அடித்துப்பிடித்துக்கொண்டு ஷாலினியிடம் ஓடினாள்.

"காண்ட்ராக்டரு வந்து, நீங்க சொல்லிட்டதா சொன்னாருக்கா. நம்பிப் போட்டுட்டேன். வெளிய சொல்லிடாதீங்க, எங்க வூட்ல என்னை உசுரோட வுடமாட்டாங்க" என்று அழுதாள் அந்தப் பெண்.

அது தன் கையெழுத்து இல்லையென்று சொல்லக் கள்ளக்குறிச்சிக்குப் போனாள் சுபலட்சுமி. அங்கிருந்த அதிகாரி நல்ல மனிதர். உட்காரவைத்துத்தான் சொன்னார்.

"பேனாவுல போட்டதுன்னா 'என்னுது இல்ல'ன்னு சொல்லிப் பாக்கலாம்மா. போட்டவங்க பின்னால மாத்திப் பேசக்கூடாதுன்னுதான் இதையே கொண்டாந்தாங்க. சாவி உங்களுது, நம்பரு உங்களுது. அப்போ போட்டது நீங்கதான். யார்கிட்டயாவது குடுத்து வச்சிருந்தா பேரை எழுதிக் குடுங்க, விசாரிக்கிறோம்."

பேரா? அவள் எழுதாமல் எழுந்து வந்துவிட்டாள். மறுவாரம் ஷாலினி அந்தச் சாவியைப் பஸ் கண்டக்டரிடம் கொடுத்தனுப்பினாள். அதற்குப்பிறகு சுபலட்சுமி கூப்பிட்டால் போனை எடுப்பதேயில்லை.

ஊர் சுபலட்சுமியை ஏசவில்லை. ஏசியிருந்தாலாவது யாரோ பேசினமாதிரி இருந்திருக்கும். ஊற்றுக்குப் போனால் பெண்கள் குடத்தைத் தூக்கிக்கொண்டு நகர்ந்தார்கள். சாமைக்குக் களையெடுக்க ஒருத்தியும் வரவில்லை. தனியாகச் சமைத்து, தனியாகத் தின்று, டிவியில் செய்தி வாசிப்பவளுக்கு அவள் பதில் சொல்ல ஆரம்பித்திருந்தாள். அந்தத் தனிமை எதிரிக்கும் வரக்கூடாது.

ஒருநாள் கரியன் வந்து வாசலிலேயே நின்றான்.

"கம்ப்யூட்டரு இன்னா வேணா சொல்லிக்கினு போவட்டும். நீ கோயில்ல சூடம் அணைச்சு சத்தியம் பண்ணு. ஊரு நம்பும். நான் கூட நிக்கிறேன்."

அண்ணன் நம்புகிறான் என்பதே அவளுக்குச் சோறு தின்ற மாதிரி இருந்தது.

வெள்ளிக்கிழமை மாரியம்மன் முன்னால் ஊரே கூடியது. பூசாரி தட்டில் சூடம் ஏற்றினார். "நான் போடல" என்று சொல்லி அணைத்தால் போதும். பொய்யும் இல்லை. சுபலட்சுமி கையை நீட்டினாள். சூடு உள்ளங்கையில் ஏறியது. சாவியைத் தூக்கிக் கொடுத்ததும் இந்தக் கைதானே என்று நினைத்தாள். ஆத்தா முன்னால் பாதியை மட்டும் எப்படிச் சொல்வது?

"நான் போடல. ஆனா போடுறதுக்குக் குடுத்தது நான்தான்."

"யாருக்கு?" என்றான் கரியன்.

ஷாலினி அழுதது அவள் கண்ணுக்குள் வந்தது.

"சொல்லு. இல்லன்னா அணை."

இரண்டையும் அவளால் செய்ய முடியவில்லை. சூடம் தானாகவே எரிந்து தீர்ந்தது. அதற்கு என்ன அர்த்தம் என்று அந்த ஊரில் யாருக்கும் விளக்கவேண்டியதில்லை. கரியன் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, கலைந்த கூட்டத்தோடு நடந்தான். பூசாரி தட்டை உள்ளே எடுத்துப்போனார். நீட்டிய கையை என்ன செய்வதென்று தெரியாமல் அவள் நின்றாள்.