வலைக்குப் பின்னால் நின்ற அப்பா

கிள்ளானில் பெண்கள் கால்பந்துப் போட்டி, பந்திங் ஊர் அணியோடு. எங்கள் பள்ளி அணிக்கு நான்தான் பயிற்சியாளர். ஆட்டம் முடியும் நேரத்தில், அதுவரை எந்தப் போட்டிக்கும் வராத கோல்கீப்பரின் அப்பா, மகளிடம்கூடச் சொல்லாமல் வந்து வலைக்குப் பின்னால் நின்றார். லோரி ஓட்டுநர். ஜன்னலில் வைத்தே வலக்கை மட்டும் கறுத்துப்போன மனிதர். சாவியைத் தூக்கிப் போட்டுப் பிடித்துக்கொண்டே இருந்தார்.

வந்ததும் வராததுமாக ஒரு கத்தல்.

“பாப்பா, வீட்டுல வெளையாடறப்பவே ஒனக்கு லெஃப்ட் சைடு வீக்கு லா! பாத்துக்க!”

அடுத்த பந்து அந்த மூலைக்கே வந்தது. கோல். அந்த ஒரு கோலில் தோற்றோம்.

“என்ன அண்ணே, இப்படிக் காட்டிக் கொடுத்துட்டீங்களே!”

“தமிழ்லதானே டீச்சர் சொன்னேன். அவங்களுக்கு எப்படிப் புரியும்?”

மலாய்க்காரர், சீனர் நடுவில் ரகசியம் என்றால் தமிழில் பேசுவது இங்கே நம்மவர்கள் எல்லோருக்கும் உள்ள பழக்கம்தான். அதற்காக இப்படியா?

“பந்திங் டீம்ல பாதிப் பேரு தமிழ்ப் பிள்ளைங்க அண்ணே! மூஞ்சியப் பாத்தாலே தெரியலையா?”

அப்போதுதான் எதிரணியைத் திரும்பிப் பார்த்தார். சாவி கீழே விழுந்தது.

“அவங்கள நான் எங்க டீச்சர் பாத்தேன்? பாப்பாவத்தானே பாத்துக்கிட்டிருந்தேன்.”

தோற்ற பிள்ளை சிரித்துக்கொண்டே அப்பாவின் லோரியில் ஏறிப் போனாள். எனக்குத்தான் இன்னும் ஆறவில்லை.