வாசலுக்குள் வராத பூட்ஸ்

பஸால் என்ற பெயரைச் சரீபா முதன்முதல் கேட்டபோது அவள் கையெல்லாம் சூடைமீன் செதிள். பெரியும்மாவின் மகள் றாஹிலா வந்து நின்று, சரீபாவின் மகள் நிப்லாவுக்கு ஒரு மாப்பிள்ளை இடம் வந்திருப்பதாகச் சொன்னாள்.

"ஆர்ட மகன்?"

"சம்மாந்துறை அப்துல் கபூர்ட தங்கச்சிர மகன். பஸால் எண்டு பேர். நெல்லு வெட்டுற மெஷினுகளுக்கு டீசல் கொண்டுபோறான். வயல் வரம்பால மோட்டார் சைக்கிள் ஓடுறதில அவன மிஞ்ச ஆளில்ல."

சரீபாவுக்கு அந்தக் குடும்பத்தைத் தெரியும். அப்துல் கபூரின் உம்மாவும் சரீபாவின் மூத்த மாமியும் பக்கத்துப் பக்கத்து வளவுகளில் வளர்ந்தவர்கள். அந்த வங்கிசத்து ஆண்கள் சொன்ன சொல் மாறமாட்டார்கள். ஆனால் கால் ஒழுங்காகக் கழுவமாட்டார்கள்.

கலியாணம் முடிந்து பஸால் நிப்லாவின் சீதன வீட்டுக்கு வந்தான். மாமியார் சரீபாவின் கணக்குப் பிழைக்கவில்லை. ஒவ்வொரு பின்னேரமும் முழங்கால்வரை சேறு, டீசல் நாற்றம், எருமைச் சாணி. அவன் மிதித்த இடத்தைச் சரீபா மூக்கைச் சுளித்துக்கொண்டு துடைப்பாள். ஒரு சொல்லும் அவனிடம் சொல்லமாட்டாள். அந்த வீட்டில் மாமி மருமகனோடு நேரே கதைப்பதில்லை. அவன் பக்கத்திலேயே நின்றாலும் சொல் நிப்லா வழியாகத்தான் போகும்.

இரண்டாம் வருஷம் அறுகம்பேயில் ஒரு வேலை வந்தது. வெளிநாட்டுக்காரரை மோட்டார் சைக்கிளில் மணலுக்குள்ளாலும் காட்டுப் பாதையாலும் கூட்டிக்கொண்டு போக வேண்டும். பஸால் முன்னுக்கு ஓட வேண்டும். முதலாளி ஒன்றுதான் சொன்னார்: முழங்கால்வரை வருகிற நல்ல பூட்ஸ் இல்லாமல் ஒருவரும் முன்னுக்கு ஓடக்கூடாது. அந்த வேலை கிடைத்தால் பஸாலுக்கு இனி டீசல் சுமக்கிற வேலை இல்லை.

கல்முனையில் றெனோல்டின் கடைக்கு மூன்று பேருமாகப் போனார்கள். அவன் வெளிநாட்டுப் பழைய பைக் சாமான் விற்பவன். வெள்ளையும் கறுப்புமாக ஒரு சோடியைத் தூக்கி மேசையில் வைத்தான். மரக்கட்டை மாதிரி விறைத்து நின்றது. பக்கவாட்டில் இழுத்துப் பூட்டுகிற நான்கு கொளுவிகள்.

"இதுதான் தம்பி சாமான். போட்டுப் பாருங்க. கணுக்கால் அங்கால இஞ்சால திரும்பப்படாது. நடக்கக் கஷ்டமாத்தான் இரிக்கும். நடக்கிறதுக்கில்ல, விழுறதுக்குத்தான் இது."

பஸால் போட்டுக் குந்தி எழும்பினான். முன் விரலால் கியர் மிதிக்கிற மாதிரிக் காலைத் தூக்கிப் பார்த்தான். முகம் மலர்ந்தது. "அச்சாக் கணக்கா இரிக்கி," என்றான்.

அவன் கழற்றியதும் வாசனை வந்தது. எவனோ ஒருவனின் பல வருஷத்து வியர்வை, பூஞ்சணம், ஈரச் சாக்கு, எல்லாம் கலந்த நாற்றம். சரீபா முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டாள்.

"மகள், உன்ட புருஷனிட்டச் சொல்லு. எவன்ட காலோ! வெள்ளக்காரன் சாமான் எண்டா உள்ளுக்கு ஹறாமான பண்டித் தோலாத்தான் இரிக்கும். அத என்ட வாசலுக்குள்ள கொண்டுவரப்படா."

"உம்மா, அது வந்து..." என்று றெனோல்ட் தொடங்கினான்.

"நீ பேசாம இரு மகன். உங்களுக்கு அது பழக்கம், எங்களுக்கு நஜீஸ், அசுத்தம். மறுகா, அஞ்சு வக்துத் தொழுகைக்கும் நாலு கொளுவியக் கழட்டிக் கால் கழுவி வுழு எடுக்கிறண்டா அசறு போய் மஃரிப் வந்திரும்."

நிப்லா சிரித்துவிட்டாள். பஸால் சிரிக்கவில்லை. பூட்ஸைத் துடைத்து மேசையில் மெதுவாக வைத்தான்.

அடுத்த தெருவில் ஜவுபரின் சப்பாத்துக் கடை. அங்கே சரீபாவே ஒரு சோடியைத் தெரிந்தெடுத்தாள்: மண்ணிறம், மினுமினுப்பு, பக்கத்தில் ஒரு சிப். ஒரு இழுவையில் கழன்றது. புதுத்தோல் மாதிரி மணத்தது.

"என்ன தோல் இது?"

"வல்லாஹி, சத்தியமா மாட்டுத் தோல் உம்மா. நம்மட ஆக்களுக்கெண்டே எடுத்த சாமான்."

பஸால் கணுக்காலில் பெருவிரலை வைத்து அமத்தினான். உள்ளே போனது. நிப்லாவிடம் மட்டும் சொன்னான்: "இது மடங்குது." நிப்லா உம்மாவைப் பார்த்தாள். உம்மா ஏற்கெனவே பையில் போடச் சொல்லிவிட்டாள்.

ஆனி மாதம், பொத்துவிலுக்குத் தெற்கே, எருமைகள் புரளுகிற, பாதி காய்ந்த கிடங்கு ஒன்றில் முன்சில்லு இறங்கியது. வண்டி பஸாலின் இடது காலின் மேல் விழுந்தது. பூட்ஸ் மடங்கியது, அதற்குள் இருந்த காலும் மடங்கியது. பெருவிரல் பின்னுக்குப் பார்த்ததாகக் கூட வந்தவர்கள் சொன்னார்கள்.

ஆஸ்பத்திரியில் வெட்டி எடுத்த பூட்ஸை ஒரு பொலித்தீன் பையில் கட்டிக் கொடுத்தார்கள். சரீபா கிணற்றடியில் அதை அவிழ்த்தாள். இரத்தமும் சேறும் ஊறிப் புளித்த நாற்றம். அடிப்பாகம் பிளந்து கிடந்தது. உள்ளே இருந்தது தோலுமில்லை, இரும்புமில்லை. நனைந்து கஞ்சியான பெட்டி அட்டை. அதில் யாரோ பிஸ்கட் கம்பனிக்காரன் அச்சடித்த பாதி எழுத்துக்கூட இருந்தது.

"ச்சீ," என்றாள். "இதுக்கா வல்லாஹி சொன்னான், பலாய்புடிச்சவன்!" அந்தச் ச்சீ யாருக்கு என்று அவளுக்கே விளங்கவில்லை. ஜவுபர் ஒருத்தன் மட்டுமில்லை, மூக்கைப் பொத்தி நின்ற ஒருத்தியும் கண்ணில் வந்தாள்.

அடுத்த நாள் தனியே றெனோல்டின் கடைக்குப் போனாள். அந்தச் சோடி அங்கேயே நின்றது.

"மகன், இது என்ன தோல்?"

"தோலே இல்ல உம்மா. அண்டைக்கே சொல்ல வந்தன். வெளிய பிளாஸ்டிக், உள்ளுக்குச் சீலையும் பஞ்சும். கழட்டித் தோய்ச்சிக் காயப்போட்டா மணமும் போயிரும்."

சரீபா கையை உள்ளே விட்டாள். விரலில் சீலைதான் தட்டுப்பட்டது. கணுக்கால் பக்கத்தை இரண்டு கையாலும் நெரித்துப் பார்த்தாள். அசையவில்லை.

வீட்டுக்கு வந்து, காலில் கம்பி பூட்டிக் கட்டிலில் கிடந்தவனின் முன்னால் நின்றாள். நிப்லா குசினியில் இருந்தாள். அவளைக் கூப்பிடவில்லை.

"மருமகன், நீங்க புடிச்ச பூட்ஸ்தான் சரி. நான்தான் கெடுத்தன்."

மாமி நேரே கதைத்தது பஸாலுக்குக் கால் வலியை விடப் பெரிய சங்கடமாக இருந்தது போல. "தண்ணி கொஞ்சம் தாங்க மாமி," என்றான்.

பஸால் இப்போதும் அறுகம்பேயில்தான் வேலை செய்கிறான். இடது கணுக்கால் மடங்காததால் கியர் மாற்ற ஏலாது. முன்னுக்கு வேறொருவன் ஓடுகிறான். பஸால் கொட்டிலில் இருந்து, ஓட வருகிறவர்களுக்குப் பூட்ஸ் அளவு பார்த்துக் கொடுக்கிறான்.