அறுபது வேண்டியிருந்தது, ஐம்பத்து நான்கு கிடைத்தது

பதினான்கு பேர் போட்டியிட்டார்கள். பதினான்காவது இடம் பேருந்து ஓட்டும் அம்மாவுக்கு.

அது டிரெஸ்ஸாஜ் என்ற குதிரையேற்றப் போட்டி; பந்தயம் அல்ல. மணல் திடலைச் சுற்றி எழுத்துப் பலகைகள் நட்டிருப்பார்கள். எந்தப் பலகையருகே நடை, எங்கே ஓட்டம், எங்கே வட்டம் என்பது முன்பே அச்சிட்ட பாடம். பாடத்தில் சொன்ன இடத்தில், ஓட்டுபவர் சைகை கொடுத்த பிறகே குதிரை அதைச் செய்ய வேண்டும். ஒவ்வொன்றுக்கும் பத்துக்கு இத்தனை என்று நடுவர் போடுவார்.

அம்மாவுக்கு நாற்பத்தொன்பது வயது. மதியம்தான் பேருந்தை எடுக்க வேண்டும். பதினெட்டு மாதங்களாகக் காலையில் லாயத்துக்குப் போய் எட்டுக் கொட்டடிகளைக் கூட்டிக் கழுவினார். பதிலுக்கு லாயக்காரர் தன் பழுப்புப் பெண்குதிரையை ஓட்டக் கொடுத்தார். ஒரே நிபந்தனை: இந்தப் போட்டியில் அறுபது சதவீதம். தவறினால் குதிரை, அதைக் கேட்டுக் காத்திருக்கும் ஒரு பல் டாக்டருக்குப் போய்விடும்.

அந்த அறுபதுதான் கெடுத்தது. விவரமானவர்கள் பாடத்தைத் துண்டு துண்டாக, வரிசை மாற்றித்தான் பழக்குவார்கள். இவரோ தினமும் முதல் பலகையிலிருந்து கடைசிப் பலகைவரை அதே தடத்தில் ஓட்டினார். குதிரை மனப்பாடம் செய்துவிட்டது. போட்டியன்று எல்லாவற்றையும் நாலடி முன்னதாகவே செய்து முடித்தது.

“ஸ்டாப் வர்றதுக்கு முன்னாடியே பிரேக் போட்டுட்டியே?” என்றார் கணவர்.

“நான் எங்க போட்டேன்? அவளே போட்டா.”

“அப்ப டிரைவர் யாரு?”

“இன்னைக்கு நான் வெறும் பாசஞ்சருங்க.”

அம்மா சிரித்துவிட்டு, குதிரையை ஏற்றி வந்த வண்டிக்குப் பின்னால் போய்ப் பத்து நிமிடம் அழுதார்.

மதிப்பெண் தாளை லாயக்காரர்தான் கொண்டு வந்தார். “அம்பத்தி நாலு.”

“ஆமாண்ணே.”

“பேச்சுன்னா பேச்சுதாம்மா.”

“தெரியும்ணே. நான் ஒண்ணும் கேக்கல.”

அவர் விரல் ஒரு வரியில் நின்றது. கடிவாள வாரைத் தளர்த்திவிட்டு, குதிரையைக் கழுத்து நீட்டி நடக்கவிடும் இடம். பத்துக்கு எட்டு. லாயத்துக்கு வந்த புதிதில் பிளாஸ்டிக் பை சரசரத்தாலே மிரண்ட குதிரை அது.

“இவள நம்பி வாரை விட யாருக்கும் தைரியம் வந்ததில்ல,” என்றவர் தாளை மடித்து அம்மா கையில் கொடுத்தார். ஆனால் சொன்ன பேச்சை மாற்றவில்லை.

வீடு திரும்பும்போது கணவர் கேட்டார்: “ஒண்ணரை வருஷம் சாணி அள்ளினதெல்லாம் வீணாப் போச்சேன்னு இருக்கா?”

“வீணா? குதிரை வாங்க வக்கில்லாதவளுக்கு ஒண்ணரை வருஷம் குதிரை இருந்துச்சுங்க. எந்த மகராசன் கொடுப்பான்? அழுகை வந்துச்சு, அழுதுட்டேன். இப்ப பசிக்குது.”

திங்கட்கிழமை காலையும் அம்மா லாயத்துக்கு வந்தார். பல் டாக்டர் சேணத்தில் ஏறி உட்கார்ந்தார். “என் மேல கோவமாக்கா?”

“கோவமா? இவளுக்கு ஒரு நல்ல கை கிடைச்சா எனக்குச் சந்தோஷம்தாங்க. பாடத்த மட்டும் முழுசா ஓட்டிக் காட்டிராதீங்க. நெட்டுருப் போட்டுரும், கழுதை!”

“வாரை விடத்தான் பயமா இருக்கு.”

“விடுங்க. நான் பக்கத்துலயே நடந்து வர்றேன்.”

டாக்டரின் விரல்கள் ஒவ்வொன்றாகத் தளர்ந்தன. குதிரை கழுத்தை நீட்டியது. அம்மா அதன் தோளோடு தோளாகத் திடலைச் சுற்றி நடந்தார்.