பொன்னாடையில் தைத்த கவசம்

மந்திரமூர்த்திக்கு இடது கால் முழங்காலுக்குக் கீழே போனது காஷ்மீரில், 1999இல், கண்ணிவெடியில். அதைப் பற்றி அவர் இரண்டு வாக்கியத்துக்கு மேல் பேசமாட்டார். பூனாவில் செயற்கைக் கால் பொருத்தி, நடக்கப் பழக்கி அனுப்பினார்கள். கழுகுமலைப் பாதையில் இருக்கும் தன் ஊரில் வந்து இறங்கியபோது அவருக்கு வயது முப்பத்திரண்டு.

மற்றதெல்லாம் தேறிவிட்டது. சைக்கிள் ஓட்டினார், பருத்தி விதைத்தார். காலையில் மொட்டைக்காலுக்கு ஓர் உறை போட்டுச் செயற்கைக் காலை மாட்டினால், பொழுது ஏற ஏறத் தசை வற்றி அது லொடலொடக்கும்; மத்தியானம் இன்னோர் உறை. சாயங்காலம் கழற்றி, சோப்புப் போட்டுக் கழுவி, ஈரம் போகத் துடைத்து, கண்ணாடியைக் கீழே பிடித்துத் தோல் சிவந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். பல் விளக்குவதைப் போல இதுவும் பழகிப்போயிற்று. பழகாதது ஒன்றுதான்: ஊரார் கொடுத்த மரியாதை.

பட்டாளத்துக்குப் போகுமுன் அவர் ஊர் ஹாக்கி அணியில் ஆடியவர். அணித்தலைவன் உக்கிரபாண்டி அவரோடு ஒரே பெஞ்சில் படித்தவன். "ஏலே மந்திரம்" என்பதைத் தவிர வேறு மாதிரி அவரைக் கூப்பிட்டதே இல்லை. கால் போனபின் அவனும் "வாங்க, உக்காருங்க" என்று ஆரம்பித்துவிட்டான். எந்த விழாவானாலும் மேடையில் ஒரு நாற்காலி, தோளில் ஒரு பொன்னாடை. இரண்டரை வருஷத்தில் ஏழு சேர்ந்துவிட்டன.

2002 சித்திரையில், மாரியம்மன் கோயில் பொங்கலை ஒட்டி விளாத்திகுளம் அணியோடு ஆட்டம் ஏற்பாடாயிற்று. உக்கிரபாண்டி வெற்றிலை பாக்கோடு வந்தான்.

"நீங்கதான் சிறப்பு விருந்தினர். பந்தைத் தட்டி ஆட்டத்தைத் தொடங்கி வைக்கணும்."

"தொடங்கி வைக்க வரலை. ஆட வாரேன். கோல் காக்கேன்."

உக்கிரபாண்டிக்குப் புளியங்காயைக் கடித்த முகம். "நீங்க வந்து உக்காந்தாலே எங்களுக்குப் பெருமைதான?"

"பெருமையை நீயே வச்சுக்கோ."

மறுநாள் சாயங்காலம் மைதானத்தில் அவரைக் கோலில் நிறுத்திச் சோதித்துப் பார்த்தார்கள். ஆனால் ஒருவரும் ஓங்கி அடிக்கவில்லை. பிள்ளைக்கு உருட்டுவது போலப் பந்தை உருட்டினார்கள். பார்த்துக்கொண்டிருந்த அவர் மனைவி காளீஸ்வரிக்குப் பொறுக்கவில்லை.

"நெல்லிக்காயா உருட்டுதீங்க? அடிங்கய்யா! விழுந்தா நான் பாத்துக்கிடுதேன்."

"பாப்போம், மதினி," என்றான் உக்கிரபாண்டி. அந்த ஊரில் 'பாப்போம்' என்றால் இல்லை என்று அர்த்தம்.

காளீஸ்வரி வீட்டுக்கு வந்து டிரங்குப் பெட்டியைத் திறந்தாள். அணியிடம் கால்களுக்கும் தலைக்கும் தடுப்பு உண்டு, நெஞ்சுக்குக் கிடையாது. ஏழு பொன்னாடைகளையும் மடித்துத் தைத்து, விற்றது போக மிஞ்சிய பருத்தியை உள்ளே திணித்தாள். அடுத்த பத்து நாளும் விடியக்காலையில் களத்தில் அவரை நிறுத்திக் கரம்பைக்கட்டியை எடுத்து எறிந்தாள். சித்திரை மாதக் கரிசல் கட்டி கல் மாதிரி இருக்கும். மட்டையில் பட்டால் பொடியாகும். நெஞ்சில் பட்டால் அவர் "ஏட்டி!" என்பார். அவள் அடுத்ததை எடுப்பாள்.

ஆட்டத்தன்று சிறப்பு விருந்தினர், முழுத் தடுப்போடு, நெஞ்சில் ஜரிகை மின்ன வந்து சேர்ந்தார். பந்தைத் தட்டினார். கைதட்டினார்கள். நாற்காலிக்குப் போகாமல் நேரே கோலுக்குப் போய் நின்றுகொண்டார். வழக்கமாகக் கோல் காக்கும் சண்முகராஜ் சந்தோஷமாக முன்னால் ஆட ஓடினான். கோல் காக்க அந்த ஊரில் யாருக்கும் பிரியமில்லை. உக்கிரபாண்டி எட்டாவது பொன்னாடையைக் கையில் வைத்துக்கொண்டு விழித்தான்.

"அதை இங்கன கொடுங்க," என்றாள் காளீஸ்வரி. "தோள்பட்டைக்குத் துணி பத்தலை."

விளாத்திகுளத்துப் பூவனலிங்கம் விவரமானவன். இடது பக்கம்தான் பலவீனம் என்று அங்கேயே குறிவைத்து அடித்தான். பந்து செயற்கைக் காலில் டொக்கென்று பட்டு வெளியே போயிற்று. கூட்டம் "ஐயோ" என்றது.

"வலிக்கலைப்பா. இன்னொண்ணு அடி!" என்றார் மந்திரமூர்த்தி.

அப்படி நாலைந்து தடுத்தார். சண்முகராஜ் ஒரு கோல் போட்டான். கடைசி ஐந்து நிமிஷம் இருக்கும்போது, யாரோ தடுமாறித் தட்டிய ஒரு சோம்பேறிப் பந்து உருண்டு வந்து, அவருடைய இரண்டு காலுக்கும் நடுவே உள்ளே போனது.

உக்கிரபாண்டி பாய்ந்து வந்தான். "ஏலே மந்திரம்! கண்ணை எங்கலே வச்சிருந்த? இதை எருமை மாடு புடிச்சிருக்கும்லே!"

உக்கிரபாண்டி நாக்கைக் கடித்துக்கொண்டான். ஆனால் மந்திரமூர்த்தியின் முகம் மலர்ந்துவிட்டது.

"நீ எங்கலே போயிருந்த? ஆளை விட்டுட்டு அங்கன வடை தின்னுக்கிட்டா இருந்த?"

ஆட்டம் ஒன்றுக்கு ஒன்று என்று முடிந்தது. சண்டை முடியவில்லை, டீக்கடை வரைக்கும் போயிற்று.

"எருமை மாடுன்னு சொல்லிட்டான், கேட்டியா?" என்று வீட்டில் மூன்றாம் முறையாகச் சொன்னார். காளீஸ்வரி கண்ணாடியைப் பிடித்து அவர் காலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். எட்டணா அகலத்துக்குச் சிவந்திருந்தது.

"ரெண்டு நாளைக்கு இதை மாட்டக் கூடாது."

"செவ்வாக்கிழமை பயிற்சிக்கு வரச் சொல்லியிருக்கான்."

இன்று ஞாயிறு. அவள் விரல் விட்டு எண்ணிப் பார்த்தாள்.

"சாயங்காலம்தான? அதுக்குள்ள சிவப்பு போனா போங்க. அதுவரைக்கும் கம்பை ஊணி நடங்க."